ஆணி இல்லாத நாலு டயர்

சப்போரோ
14 அக்டோபர் 1990

அன்புள்ள உங்களுக்கு,

மொய்வா மலையில் இலைகள் சிவந்து, பாதி உதிர்ந்தும் விட்டன. காலையில் குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் சுருக்கென்கிறது. நானும் சிஹாருவும் சுகம். மாற்றலாகிப் போன அந்தத் தெற்குக் கோடியில் தனியாகப் பொங்கித் தின்னும் உங்கள் வயிறு எப்படி இருக்கிறது? ககோஷிமாவில் இன்னும் அரைக்கைச் சட்டைதானாமே. கேட்டால் பொறாமையாக இருக்கிறது.

விடுதி போனில் பேசினால் பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் நம் வீட்டு விவகாரத்தைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள் என்று சொன்னீர்கள். அதனால் எழுதுகிறேன். விஷயம் கார் டயர். பழைய குளிர்கால டயரில் பனியைப் பிடிக்கப் பதித்திருந்த ஆணிகள் தேய்ந்து மொட்டையாகிவிட்டன. முதல் பனி விழுவதற்குள் புதிது போட வேண்டும். இந்தத் தடவை ஆணி இல்லாத டயர் வாங்கலாம் என்று நினைக்கிறேன்.

உடனே முகத்தைச் சுளிக்காதீர்கள். போன மார்ச்சில் பனி உருகி ரோடு தெரிந்ததும் நடந்தது உங்களுக்கே தெரியும். ஊரிலுள்ள ஆணி டயர் அத்தனையும் தாரைச் சுரண்டிக் கறுப்புப் புழுதியைக் கிளப்ப, நம் சிஹாரு மூச்சுக்குத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது தேவையா? 'மருந்தைவிட நல்ல காற்றுதான் முக்கியம்' என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார். நல்ல காற்றை எந்தக் கடையில் வாங்குவது என்று சொல்லவில்லை.

ஆணி டயர் கூடாது என்று சட்டமும் வந்துவிட்டது. அபராதம் போடுவதற்கு இன்னும் நாள் இருப்பதால், அதுவரை ஓட்டிக்கொள்வோம் என்று எல்லாரும் இருக்கிறார்கள். நாமாவது முதலில் மாற்றுவோமே. உங்கள் சம்மதம் வேண்டும்.

காய்கறி சாப்பிடுங்கள். நூடுல்ஸ் காய்கறி ஆகாது.

சயோகோ


ககோஷிமா
23 அக்டோபர் 1990

சயோகோவுக்கு,

வயிறு நன்றாக இருக்கிறது. அரைக்கைச் சட்டையும் உண்மைதான். ஆனால் நேற்று எதிரே இருக்கும் எரிமலை ஒரு தும்மல் போட்டதில் வெள்ளைச் சட்டை சாம்பல் சட்டையாகிவிட்டது. இங்கே சாம்பலுக்கும் குடை பிடிக்கிறார்கள். லிஃப்ட் கதவின் தடத்தில் சாம்பல் புகுந்து மாட்டிக்கொள்வதால்தான் எங்கள் கம்பெனிக்குப் பிழைப்பு ஓடுகிறது. மாட்டிக்கொண்ட கிழவிகளை வெளியே எடுத்து வணக்கம் சொல்வதே என் உத்தியோகம். உனக்கு இடுப்பு வலி குறைந்ததா? சிஹாருவுக்குப் பசி எடுக்கிறதா?

டயர் விஷயம்: வேண்டாம். ஆணி டயரே வாங்கு.

நம் வீடு மேட்டுத் தெருவின் உச்சியில் இருக்கிறது, ஆஸ்பத்திரி அடிவாரத்தில். சிஹாருவுக்கு மூச்சு முட்டினால் நீ அந்தச் சரிவில் இறங்கித்தான் ஆக வேண்டும், பக்கத்தில் நான் இருக்கமாட்டேன். ஜனவரியில் அந்தச் சரிவு எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெறும் ரப்பரை நம்பி அதில் இறங்குவாயா?

இன்னொன்று. நம் ஒரு கார் மாறினால் சப்போரோவின் புழுதி அடங்கிவிடுமா? மற்ற எல்லாரும் சுரண்டிக்கொண்டுதான் இருப்பார்கள். புழுதி அப்படியே இருக்கும், ஆபத்து மட்டும் நமக்குக் கூடும். கோபத்தில் எழுதவில்லை, பயத்தில் எழுதுகிறேன்.

குளிருக்கு முன் அடுப்புக் குழாயைச் சுத்தம் செய்ய ஆள் கூப்பிடு. நீயே ஏணியில் ஏறாதே.

நொபுவோ


சப்போரோ
8 நவம்பர் 1990

அன்புள்ள உங்களுக்கு,

முதல் பனி விழுந்து, மத்தியானத்துக்குள் கரைந்தும் விட்டது. இடுப்பு வலி தேவலை. சிஹாரு இரண்டு கிண்ணம் சோறு சாப்பிடுகிறாள். ஏணியில் ஏறவில்லை.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே டயரை மாற்றிவிட்டேன் என்று எழுதினால் நம்புவீர்களா? நம்பமாட்டீர்கள். சரி, வந்த மறுநாள் மாற்றினேன். ஆணி இல்லாதது, நாலு.

ஆணி டயர்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் என்கிறீர்கள். அதே ஆணி டயர்தான் அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறது என்கிறேன் நான். இரண்டும் உண்மை. எந்த உண்மையோடு குடித்தனம் நடத்துவது என்பதில்தான் நமக்குள் சண்டை. டயர் கடைக்காரர், "பிரேக்குன்னு ஒண்ணு இருக்கிறதையே மறந்துருங்கம்மா. கியரைக் குறைச்சுக் குறைச்சு இறங்குங்க" என்றார். மறக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு கார் மாறினால் போதாது என்றீர்களே, அது நூற்றுக்கு நூறு நியாயம். அதனால் இன்னொரு வேலையும் செய்தேன். இந்த வருஷம் தெருத் தலைவர் முறை நம் வீட்டுக்கு வந்திருக்கிறது அல்லவா? வீடு வீடாகச் சுற்றும் அறிவிப்பு அட்டையில், குப்பை எடுக்கும் நாள்களுக்குக் கீழே, "இந்தக் குளிர்காலத்திலேயே ஆணி டயரைக் கைவிடுவோம்" என்று அழகான கையெழுத்தில் எழுதிச் செருகினேன். எல்லா வீட்டு முத்திரையும் குத்தி அட்டை திரும்பி வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். எதிர்வீட்டு இவாபுச்சி அம்மாவைப் பார்த்து நன்றி சொன்னேன்.

"எதுக்கு நன்றி?" என்றார்.

"டயர் மாத்த ஒத்துக்கிட்டு முத்திரை குத்தியிருக்கீங்களே."

"படிச்சேன்னு குத்தினேன்டியம்மா, ஒத்துக்கிட்டேன்னா குத்தினேன்? நான் முப்பது வருஷமா எல்லாத்துக்கும்தான் குத்துறேன். அந்த ரப்பர் செருப்பை மாட்டிக்கிட்டு இந்த மேட்டுல என் வீட்டுச் சுவர் மேல வந்து விழுந்துறாத, சொல்லிட்டேன்."

பத்து வருஷமாக இந்தத் தெருவில் இருக்கிறேன், முத்திரைக்கு அர்த்தம் தெரியாதா எனக்கு? ஆசை கண்ணை மறைத்துவிட்டது. நீங்கள் சிரிக்கலாம். சிரித்து முடித்ததும் மிளகாய் குறைத்துச் சாப்பிடுங்கள்.

சயோகோ


ககோஷிமா
20 நவம்பர் 1990

சயோகோவுக்கு,

சிரித்தேன். விடுதியில் பக்கத்து அறைக்காரன் கதவைத் தட்டி என்னவென்று கேட்டான். லேசாகச் சளி, வேறொன்றும் இல்லை.

வாங்கிவிட்டாய், இனி பேசிப் பயனில்லை. காரின் பின் பெட்டியில் எப்போதும் மணல் மூட்டை வை, பின் சக்கரத்துக்கு மேலே கனம் இருக்கட்டும். பகலில் உருகி மாலையில் உறையும் நாள்களில் காரைத் தொடாதே. சிஹாருவைப் பின்னால் உட்கார வை. முன்னால் உட்கார அடம்பிடிப்பாள், இடம் கொடுக்காதே.

ஒரு விஷயம், சும்மா காதில் போட்டு வைக்கிறேன். குடும்பத்தோடு வந்து இருப்பவர்களுக்கு இங்கே கம்பெனி வீடு தருகிறார்கள். வேண்டுமானால் பிப்ரவரி முடிவதற்குள் விண்ணப்பிக்க வேண்டுமாம், மார்ச் முதல் வாரமே வீடு. இங்கே பனியும் இல்லை, ஆணியும் இல்லை. சும்மாதான் சொல்கிறேன்.

கணப்பு அடுப்பை மூட்டிக்கொண்டு ஜன்னலை அடைத்தே வைக்காதே. சிஹாருவிடம் அப்பா கேட்டதாகச் சொல்.

நொபுவோ


சப்போரோ
27 டிசம்பர் 1990

அன்புள்ள உங்களுக்கு,

கூரை விளிம்பு வரை பனி. புத்தாண்டுக்கும் லிஃப்ட் பழுதாகும், அதனால் வர முடியாது என்று எழுதியிருந்தீர்கள். என்ன செய்வது, கிழவிகள் காத்திருப்பார்கள். உங்களுக்குப் பிடித்த கறுப்பு பீன்ஸ் இனிப்பும் கடற்பாசிச் சுருளும் தனிப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன். சளி போயிற்றா?

இங்கே எல்லாம் நலம். சிஹாரு நலம். கார் நலம். டயரும் நலம். எழுத வேறு விசேஷமில்லை. கம்பெனி வீட்டைப் பற்றி "சும்மா" சொன்னதைச் சும்மா கேட்டுக்கொண்டேன். நான் இந்த ஊரில் பிறந்தவள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும்.

வரும் ஆண்டு உங்களுக்கு எந்தக் கதவிலும் மாட்டாத ஆண்டாக அமையட்டும்.

சயோகோ

(பின்குறிப்பு. அப்பா, நான் சிஹாரு. அம்மா என்னை உறை ஒட்டச் சொன்னாங்க, ஒட்டறதுக்கு முன்னாடி இதை எழுதுறேன். நம்ம கார் வழுக்கிக்கிட்டே போய் இவாபுச்சி அத்தை வீட்டுப் பனிச்சுவத்துக்குள்ள மூக்கை நுழைச்சிருச்சு. நானும் உள்ளதான் இருந்தேன். அடியே படல, ஜாலியா இருந்துச்சு. அத்தை வெளியே வந்து ரொம்ப நேரம் கத்தினாங்க. அம்மா அப்புறம் குளியலறையில அழுதாங்க. நீங்க எப்ப வருவீங்க?)


சப்போரோ
18 ஜனவரி 1991

அன்புள்ள உங்களுக்கு,

கடுங்குளிர். இந்த மாதம் முழுக்க உங்களிடமிருந்து அச்சடித்த புத்தாண்டு அட்டை ஒன்றுதான் வந்தது. அதில் நீங்கள் எழுதியது என் பெயரும் விலாசமும் மட்டும். உடம்புக்கு ஒன்றுமில்லையே? அதையாவது ஒரு வரி எழுதுங்கள்.

உறைக்குள் என்ன போயிற்று என்று சிஹாருவே பிறகு பெருமையாகச் சொன்னாள். ஆமாம், வழுக்கினேன். அது பகலில் உருகி மாலையில் உறைந்த நாள். நீங்கள் தொடாதே என்று சொன்ன நாள்தான். சிஹாரு பின் சீட்டில் இருந்தாள், அது ஒன்றில் உங்கள் பேச்சைக் கேட்டேன். பனிச்சுவர் மெத்தை மாதிரி வாங்கிக்கொண்டது. அதை மறைத்தது தப்பு. எழுதினால் உங்கள் பயம் ஜெயித்துவிடும் என்று நினைத்து மறைத்தேன்.

மறுநாளே தெருத் தலைவர் என்ற முறையில் நகராட்சியில் போய் நின்று, சரிவின் தலையில் ஒரு மணல் பெட்டி வைக்கச் செய்தேன். தெருப் பிள்ளைகள் காலிப் பால் அட்டைகளில் மணலை நிரப்பி, பள்ளிக்குப் போகும்போது சரிவில் தூவிக்கொண்டே இறங்குகிறார்கள். இப்போது தைரியமாக இறங்குகிறேன். "உன் செருப்புக்கு ஊரே கம்பளம் விரிக்குது" என்கிறார் இவாபுச்சி அம்மா. அவரும் அந்த மணலில்தான் நடந்து போகிறார்.

திட்டியாவது எழுதுங்கள். நீங்கள் பேசாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

சயோகோ


ககோஷிமா
2 பிப்ரவரி 1991

சயோகோவுக்கு,

உடம்பு நலம். அங்கே இருவரும் நலமா?

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். திட்டித்தான் எழுதியிருந்தேன். பிறகு, தெற்கே உட்கார்ந்துகொண்டு வடக்கே இருப்பவளைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றியது. கார் பனிச்சுவரில் முட்டியது சரி. அது பனிச்சுவராக இல்லாமல் மின்கம்பமாக இருந்திருந்தால்? குழந்தை "ஜாலியா இருந்துச்சு" என்று எழுதியிருக்கிறாள். அந்த வரியைப் படித்த அன்று நான் வேலைக்கே போகவில்லை.

கம்பெனி வீட்டுக்கு விண்ணப்பம் வாங்கிவிட்டேன். பூர்த்தியும் செய்துவிட்டேன், கையெழுத்துதான் பாக்கி. பிப்ரவரி 28 கடைசி நாள். பள்ளிக்கூடம் நடந்து போகும் தூரம். இங்கே காற்று நல்லது. டயர் என்ற பேச்சே நம் வாழ்க்கையில் இருக்காது. உனக்குச் சப்போரோ என்றால் உயிர் என்று தெரியும், உன் வேலையும் உன் மனிதர்களும் அங்கே. ஆனால் இன்னொரு மார்ச்சை நீ தனியாகச் சமாளிக்க விட எனக்குத் துணிச்சல் இல்லை.

நீ வேண்டாம் என்றால் காரணம் சொல். பிடிவாதத்தைக் காரணமாகச் சொல்லாதே.

குளிரில் வெளியே அதிகம் போகாதே.

நொபுவோ


சப்போரோ
10 பிப்ரவரி 1991

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் உயிர் வந்தது. நான் நலம். சிஹாருவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

காரணம் கேட்டீர்கள். ஒரே ஒரு மார்ச் வேண்டும் எனக்கு. மாற்றியதனால் ஏதாவது ஆகிறதா இல்லையா என்று பார்க்க ஒரு மார்ச். ஆகவில்லையென்றால் முணுமுணுக்காமல் மூட்டை கட்டுகிறேன். ஆனால் கம்பெனி, மார்ச் வருவதற்கு முன்பே கையெழுத்துக் கேட்கிறது. பனி உருகுவதற்குள் முடிவு செய்யச் சொல்கிறவர்கள் பனியைப் பார்க்காதவர்கள்தான்.

அப்புறம் ஒரு கேள்வி. லிஃப்ட் கதவில் சாம்பல் மாட்டுகிறது, சாம்பலுக்குக் குடை பிடிக்கிறார்கள் என்று அக்டோபரில் எழுதினீர்கள். காற்று நல்லது என்று பிப்ரவரியில் எழுதுகிறீர்கள். எந்தக் கடிதத்தை நம்பட்டும்?

இப்போது சொல்ல வேண்டியது. முந்தாநாள் சிஹாருவுக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாயிற்று. நான் வேலையில் இருந்தேன். இவாபுச்சி அம்மா தன் காரில் கொண்டுபோனார். நான் போய்ச் சேர்ந்தபோது குழாய் வழியாக மருந்துப் புகை இழுத்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். ராத்திரி தங்க வைக்காமல் அனுப்பிவிட்டார்கள். இப்போது பரவாயில்லை. நேற்று பாதிக் கிண்ணம்தான் சாப்பிட்டாள்.

இதைச் சொன்னால் நீங்கள் கையெழுத்துப் போட்டுவிடுவீர்கள் என்று தெரியும். சொல்லாவிட்டால் ஒருவேளை போடாமல் இருப்பீர்கள். தெரிந்தேதான் சொல்கிறேன். ஒரு தடவை மறைத்து உங்களை ஒரு மாதம் இழந்தது போதும். முடிவு உங்கள் கையில்.

ராத்திரி கழுத்தை மூடிக்கொண்டு படுங்கள்.

சயோகோ


சப்போரோ
18 பிப்ரவரி 1991

நொபுவோ தம்பிக்கு,

எதிர்வீட்டு இவாபுச்சி எழுதுறேன். குளிரைப் பத்தி ரெண்டு வரி எழுதித்தான் ஆரம்பிக்கணும்னு தெரியும். இங்க குளிருதுன்னு உனக்குத் தெரியாதா என்ன? நானும் வீட்டுக்காரரும் நல்லா இருக்கோம், அவருக்கு முழங்கால் மட்டும் மக்கர் பண்ணுது. நீ ஒழுங்கா சாப்பிடுறியா?

உன் பெண்டாட்டிக்குத் தெரியாம எழுதுறேன். அன்னைக்கு வகுப்பு சீக்கிரம் முடிஞ்சு பிள்ளை என்கிட்ட இருந்துச்சு, அவ இன்னும் பள்ளிக்கூடச் சமையல்கட்டுல வேலையா இருந்தா. ரெண்டு நாளா நல்ல வெயில், கீழ பெரிய ரோட்டுல பனி கரைஞ்சு தார் தெரிஞ்சிருச்சு. பன்னு வாங்கித் தர்றேன்னு நான்தான் அங்க கூட்டிட்டுப் போனேன். வண்டிங்க போற போக்குல புழுதி கிளம்புது. பன்னைக் கையில வாங்கிட்டுத் திரும்பறதுக்குள்ள பிள்ளைக்கு இழுக்க ஆரம்பிச்சிருச்சு. என் கார்ல போட்டுக்கிட்டு ஓட்டினேன். பின்னாடி அவ நெஞ்சுல கரகரன்னு சத்தம். கீழ என் டயர் ஆணி தார்ல கரகரன்னு சத்தம். ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சு தம்பி. எது எதுன்னு எனக்குப் புரியல. ஆஸ்பத்திரி வாசல்ல காரை நிறுத்தினதும் ஒரு சத்தம் நின்னுச்சு. இன்னொண்ணு நிக்கல.

மறுநாளே டயர் கடைக்குப் போனேன். "பைத்தியமா உனக்கு? பிப்ரவரியில எவனாவது மாத்துவானா?"ன்னார் வீட்டுக்காரர். "அப்ப நீங்க நடந்து போங்க"ன்னுட்டேன். அப்புறம் தெருவுல ஒவ்வொரு வீடா ஏறி இறங்கினேன். உன் பெண்டாட்டி மாதிரி அழகா எழுதி அனுப்பல, நேர்ல போய் உக்காந்துட்டேன். டீ குடிச்சு முடிச்சும் எந்திரிக்கல. என் வாய்க்குப் பயந்து பாதித் தெரு மாத்தியாச்சு. மீதிப் பேர் என்னைக் கண்டா கதவை மூடுறாங்க. எத்தனை நாள் மூடுவாங்க?

கம்பெனி வீடு கேக்கப் போறியாமே, பிள்ளைதான் சொல்லுச்சு. உன் பெண்டாட்டி, உன் பிள்ளை, கூட்டிட்டுப் போறதுன்னா போ. தடுக்க நான் யாரு? ஆனா மார்ச் முடிஞ்சு போ. இல்லேன்னா நாங்க மாத்தினதுல எதாவது பலன் இருந்துச்சா இல்லையான்னே எங்களுக்குத் தெரியாமப் போயிரும்.

பன்னு வாங்கப் போனதுக்கு என்னை மன்னிச்சிரு. உடம்பைப் பாத்துக்க.

இவாபுச்சி


ககோஷிமா
28 பிப்ரவரி 1991

சயோகோவுக்கு,

இங்கே பிளம் மரம் பூத்து முடிந்துவிட்டது. நான் நலம். சிஹாரு முழுக் கிண்ணத்துக்குத் திரும்பிவிட்டாளா?

உன் கேள்விக்குப் பதில்: அக்டோபர்க் கடிதத்தை நம்பு. காற்று நல்லது என்று எழுதிய அன்று ஜன்னலைச் சாத்தி வைத்துவிட்டுத்தான் எழுதினேன். கோடையில் காற்று திரும்பினால் அந்தக் கம்பெனி வீடு இருக்கும் பக்கம்தான் சாம்பல் கொட்டுமாம், இங்கே எல்லாரும் சொல்வார்கள். தெரிந்தும் எழுதினேன். சிஹாருவின் மூச்சுக்காக உங்களைக் கூப்பிட்டேன் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். எனக்கு உங்களைப் பார்க்காமல் முடியவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

இன்று மாலை மேலாளரிடம் போய் விண்ணப்பம் தரவில்லை என்று சொன்னேன்.

"யோசிச்சுச் சொல்லுப்பா. இந்த வருஷம் விட்டா அடுத்த வருஷம்தான். இன்னும் ஒரு வருஷம் தனியாச் சோறாக்குவியா?"

"ஆக்குறேன் சார்."

"அப்படி என்ன இருக்கு அந்த ஊர்ல?"

"டயர் மாத்தியிருக்காங்க சார்" என்றேன். அவர் ககோஷிமாக்காரர். ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார்.

நீ சிஹாரு விஷயத்தை மறைத்து, அது பிறகு எனக்குத் தெரியவந்திருந்தால், அன்றே கையெழுத்துப் போட்டிருப்பேன். இப்போது உன்னை நம்பலாம் என்று தோன்றுகிறது. பயமாகவும் இருக்கிறது. மார்ச்சில் ஒவ்வொரு வாரமும் எழுது. ஒரு வரி போதும், நல்லதோ கெட்டதோ. இவாபுச்சி அம்மாவுக்கு இங்கத்து சர்க்கரைவள்ளிக்கிழங்குக் கேக் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். எதற்கு என்று அவருக்குத் தெரியும்.

நொபுவோ


சப்போரோ
25 மார்ச் 1991

அன்புள்ள உங்களுக்கு,

ரோட்டோரம் பனி இன்னும் குவியலாகக் கிடக்கிறது, நடுவில் தார் காய்ந்துவிட்டது. நான் சுகம். போன மூன்று வாரமும் ஒரு வரி எழுதினேன். இன்று நிறைய எழுதுகிறேன்.

அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. பெரிய ரோடு போன வருஷம் மாதிரியேதான் கறுப்பாக இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போது சிஹாருவுக்கு முகமூடி போட்டு, நானும் போட்டுக்கொண்டு வேகமாகக் கடக்கிறோம். இரண்டு நாள் இருமினாள். நான் காரை எடுத்து வாசலில் நிறுத்தி, சாவியைக் கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். போக வேண்டிவரவில்லை.

ஆனால் நம் தெரு வேறு மாதிரி இருக்கிறது. ஜன்னல் விளிம்பைத் துணியால் துடைத்தால் துணி சாம்பல் நிறமாகிறது, கறுப்பாகவில்லை. இவாபுச்சி அம்மா அந்தத் துணியை எடுத்துக்கொண்டு, இன்னும் மாற்றாத வீடுகளுக்குப் போய்க் காட்டிவிட்டு வந்தார்.

நேற்று பள்ளியில் வருஷக் கடைசி விழா. போன வருஷம் இதே நாளில் இவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாள். நேற்று வகுப்போடு நின்று பாடினாள். பாட்டின் நடுவில் மூச்சு வாங்கவில்லை. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து அழுதேன், பக்கத்து அம்மாக்கள் என்ன நினைத்தார்களோ. விழா முடிந்ததும் தன் தோழியோடு மேட்டில் ஓடியே ஏறிவிட்டாள். எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

நாம் இங்கேயே இருக்கலாம் என்று நினைக்கிறேன். அடுத்த வருஷம் பெரிய ரோட்டிலும் குறையும். இந்த வருஷம் எனக்கு இது போதும்.

போதாதது ஒன்றுதான். நீங்கள் பாட்டைக் கேட்கவில்லை.

சயோகோ


ககோஷிமா
12 ஏப்ரல் 1991

சயோகோவுக்கு,

நான் நலம். உன் கடிதத்தை லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து படித்தேன். அங்கே யாரும் வரமாட்டார்கள்.

நல்ல செய்தி ஒன்று. மேலாளர் கூப்பிட்டு, "அந்த டயர் மாத்தின ஊருக்கே போறியா? அக்டோபர்ல சப்போரோ கிளையில ஒரு இடம் காலியாகுது. பதவி ஒரு படி கீழ, பரவாயில்லையா?" என்றார். பரவாயில்லை என்பதை அவர் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன். வரும் குளிர்காலத்துக்கு நான் அங்கே இருப்பேன்.

அதற்கு முன் இந்த மாதக் கடைசி விடுமுறைக்கு வருகிறேன். 29ஆம் தேதி மாலை விமானம். ஒரு வேண்டுகோள். குளிர்கால டயரைக் கழற்றிவிடாதே. நான் வந்து என் கையால் கழற்றுகிறேன். ஒரு குளிர்காலம் முழுக்க அதைத் திட்டியிருக்கிறேன். கழுவி, துடைத்து, கூரைக்கடியில் அடுக்கி வைக்கும் வேலையாவது என்னுடையதாக இருக்கட்டும்.

சிஹாருவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுது. உனக்கு என்ன வேண்டும் என்றும் எழுது. ஒன்றும் வேண்டாம் என்று எழுதாதே.

நொபுவோ


சப்போரோ
20 ஏப்ரல் 1991

அன்புள்ள உங்களுக்கு,

எல்லாரும் சுகம். நிழலில் மட்டும்தான் இப்போது பனி மிச்சம். உங்கள் கடிதத்தைச் சிஹாரு மூன்று தடவை உரக்கப் படித்தாள். மூன்றாவது தடவை அக்டோபர் என்ற இடத்தில் நிறுத்தி, விரல்விட்டு மாதம் எண்ணினாள். அவளுக்கு அரைக்கைச் சட்டை வேண்டுமாம். எனக்கு, உறையில் போட்டு அனுப்ப முடியாதது வேண்டும். 29ஆம் தேதி வந்துவிடும்.

டயர் விஷயத்தில் இந்தத் தடவையும் உங்கள் பேச்சை முழுசாகக் கேட்கவில்லை. கடிதம் வந்தபோது இவாபுச்சி அம்மாவின் ஜாக்கியை வாங்கி வேலையை ஆரம்பித்திருந்தேன். வெயிலில் ஓட்டினால் அந்த மெத்தென்ற ரப்பர் வீணாகிவிடும். மூன்று கழற்றி, கோடை டயர் மாட்டியாயிற்று. நாலாவதுக்குப் போகும்போதுதான் தபால்காரர் வந்தார். அப்படியே விட்டுவிட்டேன். பின் வலது சக்கரம். அதோடு ஓட்ட முடியாது, கார் கொட்டகையில் நிற்கிறது, நான் பேருந்தில் போகிறேன்.

இவாபுச்சி அம்மா வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏன்டி, ஒண்ணை விட்டுட்ட?"

"அது அவரு வந்து கழட்டறதுக்கு."

"ஒத்த டயரைக் கழட்டவா அவன் ககோஷிமாவுலேருந்து ஏரோப்ளேன் ஏறி வர்றான்?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

பத்திரமாக வாருங்கள்.

சயோகோ